காற்பந்துக்குப் புள்ளிப் பட்டியல் தந்த துணிக்கடைக்காரர்

சனிக்கிழமை இரவானால் நம் ஊர் உணவகங்களில் பெரிய திரைக்கு முன்னால் நாற்காலி கிடைப்பது அரிது. இங்கிலாந்தில் எங்கோ நடக்கும் ஆட்டத்துக்காக இங்கே தே தாரிக் ஆறிப் போகும். ஆட்டம் முடிந்ததும் மான்செஸ்டர் ரசிகரும் லிவர்பூல் ரசிகரும் ஒரே இடத்தைத்தான் பார்ப்பார்கள். அது புள்ளிப் பட்டியல். யார் மேலே ஏறினார், யார் கீழே இறங்கினார், இன்னும் எத்தனை ஆட்டங்கள் பாக்கி என்று விடிய விடியக் கணக்குப் போடுவார்கள்.

அந்தப் பட்டியல் 1888ஆம் ஆண்டு பிறந்தது. அதற்கு வித்திட்டவர் பெயர்பெற்ற ஆட்டக்காரர் அல்லர், பயிற்றுநரும் அல்லர். பர்மிங்ஹாம் நகரில் துணிக்கடை நடத்திய ஸ்காட்லாந்துக்காரர் அவர். பெயர் வில்லியம் மெக்கிரெகர். காற்பந்து லீக்கின் தந்தை என்று இங்கிலாந்து அவரை இன்றும் போற்றுகிறது.

பிராக்கோவிலிருந்து பர்மிங்ஹாமுக்கு

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷியர் வட்டாரத்தில் பிராக்கோ என்ற சிற்றூரில் 1846ஆம் ஆண்டு மெக்கிரெகர் பிறந்தார். பக்கத்திலிருந்த ஆர்டோக் என்னும் இடத்தில், உள்ளூர்க்காரர்களும் வேலைக்காக வந்திருந்த தொழிலாளர்களும் பந்து உதைத்து ஆடியதைச் சிறுவயதில் பார்த்தார். காற்பந்தின் மீது அவருக்குப் பிடிப்பு ஏற்பட்டது அப்போதுதான். ஆனால் அவர் கற்றது துணி வியாபாரம். பெர்த் நகரில் அந்தத் தொழிலைப் பழகினார்.

1870ஆம் ஆண்டு வாக்கில் அவர் அண்ணன் தம்பி உறவின் துணையோடு பர்மிங்ஹாமுக்குப் பிழைக்க வந்தார். முன்பே அங்கு வந்திருந்த சகோதரரோடு சேர்ந்து சம்மர் லேன் சாலையில் துணிக்கடை திறந்தார். பர்மிங்ஹாம் அப்போது இரும்பும் பித்தளையும் வேகும் நகரம். திருகாணி, பேனா முள், பொத்தான், துப்பாக்கி என்று உலகத்துக்கே பொருள் செய்து அனுப்பிய பட்டறைகள் அங்கே தெருவுக்குத் தெரு இருந்தன. ஊர்விட்டு ஊர் வந்த கூலிக்காரர்கள் நெருக்கமான வீடுகளில் குடியிருந்தார்கள். அவர்கள்தாம் மெக்கிரெகரின் வாடிக்கையாளர்கள்.

மெக்கிரெகர் மதுவைத் தொடாதவர். தவறாமல் தேவாலயம் செல்பவர். அரசியலில் லிபரல் கட்சிப் பக்கம் நின்றவர். பெரிய தாடி, கனிந்த முகம், யாரோடும் சண்டை போடாத சுபாவம். ஆடுகளத்தில் அவர் பெயர் வாங்கியதே இல்லை. ஆனால் சனிக்கிழமை மதியம் ஆட்டம் பார்ப்பதற்காகக் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். வியாபாரிக்கு சனிக்கிழமைதான் நல்ல வசூல் நாள் என்பது நமக்குத் தெரியும். அதையும் விட்டுவிட்டுப் போனார் என்றால் அவருடைய ஆர்வத்தைப் புரிந்துகொள்ளலாம்.

வில்லாவின் மனிதர்

அந்த நகரில் ஆஸ்டன் வில்லா என்ற குழு 1874ஆம் ஆண்டு தோன்றியிருந்தது. ஒரு வெஸ்லியன் தேவாலயத்தைச் சேர்ந்த கிரிக்கெட் இளைஞர்கள், குளிர்காலத்தில் சும்மா இருக்க வேண்டாமே என்று தொடங்கிய குழு அது. ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் அதில் இருந்தார்கள். குழுவை வளர்த்த ஜார்ஜ் ராம்சே, பின்னாளில் தலைவராக விளங்கிய ஆர்ச்சி ஹண்டர் இருவரும் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்களே. தேவாலயத் தொடர்பும் தாய்நாட்டுத் தொடர்பும் மெக்கிரெகரை ஈர்த்தன. 1877ஆம் ஆண்டு அவர் வில்லாவின் நிர்வாகக் குழுவில் சேர்ந்தார்.

அன்று முதல் வில்லாவே அவருக்கு இரண்டாவது வீடு. நடுவர் வேலை, கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்து, கூட்டத் தலைமை என்று எது கிடைத்தாலும் செய்தார். அவருடைய துணிக்கடையில் காற்பந்துச் சட்டைகளும் விற்பனைக்கு வந்தன. கடைக்கு வருவோர் துணி வாங்குகிறார்களோ இல்லையோ, காற்பந்து பேசிவிட்டுப் போனார்கள்.

வில்லா வளர்ந்தது. 1880ஆம் ஆண்டு பர்மிங்ஹாம் சீனியர் கிண்ணத்தை வென்றது. 1887ஆம் ஆண்டு வெஸ்ட் புரோம்விச் அல்பியனை 2-0 என்று தோற்கடித்து எஃப்ஏ கிண்ணத்தையே கைப்பற்றியது. ஆனால் கிண்ணம் வென்ற குழுவின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்த மெக்கிரெகருக்கு மட்டும் நிம்மதி இல்லை.

வராத குழுவும் வீணான சனிக்கிழமையும்

அவருடைய கவலையைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்துக் காற்பந்து நடந்த விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1850ஆம் ஆண்டு வந்த தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று விதித்தது. சிறிது சிறிதாக மற்றத் தொழில்களுக்கும் அந்த அரை நாள் விடுப்பு பரவியது. வாரம் முழுதும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவனுக்குச் சொந்தமாகக் கிடைத்த பொழுது அந்தச் சனிக்கிழமை மாலைதான். அதைக் காற்பந்துத் திடலில் கழிக்க ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள்.

ஆனால் வந்தவர்களுக்கு ஆட்டம் நடக்கும் என்ற உறுதி இல்லை. அப்போது பெரிய போட்டி என்றால் கிண்ணப் போட்டிகள்தாம். அதில் தோற்றவர் வெளியே. முதல் சுற்றிலேயே தோற்ற குழுவுக்கு அந்த வழி அடைபட்டுவிடும். மற்ற நாட்களில் நட்புமுறை ஆட்டங்கள். இவற்றைச் செயலாளர்கள் கடிதம் எழுதி ஏற்பாடு செய்வார்கள். எதிர்க்குழுவுக்குக் கிண்ண ஆட்டம் வந்துவிட்டால் நட்பு ஆட்டம் ரத்து. வேறு ஊரில் கூடுதல் வசூல் கிடைக்கும் என்று தெரிந்தாலும் ரத்து. சில குழுக்கள் முக்கிய ஆட்டக்காரர்களை வீட்டில் விட்டுவிட்டு யாரையோ கூட்டிக்கொண்டு வரும். சில குழுக்கள் நேரம் கடந்து வரும்.

தோட்டத் திடல்களில் ஆடி வளர்ந்தவர்களுக்கு இந்த ஏமாற்றத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புக் கோடு போட்டு, கோல் கம்பம் நட்டு, ஊரே கூடி நிற்கும். பக்கத்துத் தோட்டத்துக் குழுவை ஏற்றிவரும் லாரி மட்டும் வராது. பொழுது சாயும் வரை சாலையைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவார்கள். இங்கிலாந்தின் பெரிய குழுக்களுக்கே அன்று அதுதான் நிலைமை.

ஆட்டம் நடந்தாலும் சுவை இருக்கும் என்று சொல்ல முடியாது. பலமான குழுவும் எளிய குழுவும் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு 1887ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் சாட்சி. அன்று எஃப்ஏ கிண்ண ஆட்டத்தில் பிரெஸ்டன் நார்த் எண்ட் குழு ஹைட் குழுவை 26-0 என்று தோற்கடித்தது.

இதற்கு நடுவில் இன்னொரு பெரிய மாற்றம் நடந்திருந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதை எஃப்ஏ சங்கம் 1885ஆம் ஆண்டு ஜூலை மாதம் சட்டபூர்வமாக அனுமதித்தது. அதுவரை மறைவாக நடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. சம்பளம் என்றால் வாரம் தவறாமல் கொடுக்க வேண்டும். ஆனால் வசூலோ, எதிர்க்குழு வந்தால்தான் உண்டு. செலவு நிச்சயம், வரவு நிச்சயம் இல்லை என்ற இந்தக் கணக்கு எந்தக் கடைக்காரருக்கும் உறுத்தும். மெக்கிரெகருக்கும் உறுத்தியது.

1888 மார்ச் 2

பலரோடும் பேசிப் பார்த்த பிறகு, 1888ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் மெக்கிரெகர் ஒரு கடிதம் எழுதினார். பிளாக்பர்ன் ரோவர்ஸ், போல்டன் வாண்டரர்ஸ், பிரெஸ்டன் நார்த் எண்ட், வெஸ்ட் புரோம்விச் அல்பியன் ஆகிய குழுக்களுக்கும், தம்முடைய ஆஸ்டன் வில்லாவின் செயலாளருக்கும் அது போய்ச் சேர்ந்தது.

அதில் அவர் முன்வைத்த யோசனை மிக எளிமையானது. இங்கிலாந்தின் முன்னணிக் குழுக்களில் பத்து அல்லது பன்னிரண்டு ஒன்றுசேர வேண்டும். ஒவ்வொரு குழுவும் மற்ற ஒவ்வொரு குழுவோடும் சொந்தத் திடலில் ஒருமுறை, எதிர்க்குழுவின் திடலில் ஒருமுறை ஆட வேண்டும். தேதிகளை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். குறித்த ஆட்டம் குறித்த நாளில் நடந்தே தீர வேண்டும். வேறு எந்தக் குழுக்களைச் சேர்க்கலாம் என்ற ஆலோசனையையும் அவர் கேட்டிருந்தார்.

அந்த மாதம் 23ஆம் நாள் லண்டன் ஃபிளீட் ஸ்திரீட்டில் உள்ள ஆண்டர்டன்ஸ் ஹோட்டலில் முதல் கூட்டம் நடந்தது. மறுநாள் லண்டனில் எஃப்ஏ கிண்ண இறுதி ஆட்டம் என்பதால், ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு வசதியாக அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். லண்டனில் கூடினாலும் தென்பகுதிக் குழு எதுவும் இந்த யோசனையில் ஆர்வம் காட்டவில்லை. சம்பளத்துக்கு ஆடுவதைத் தெற்கில் அன்று மதிப்புக் குறைவாகப் பார்த்தார்கள். ஆகவே வடக்கும் நடுப்பகுதியும் மட்டும் கைகோத்தன. ஏப்ரல் 17ஆம் நாள் மான்செஸ்டர் ராயல் ஹோட்டலில் கூடி அமைப்பை உறுதிப்படுத்தினார்கள். மெக்கிரெகர் அதன் முதல் தலைவரானார்.

பெயர் வைப்பதில் ஒரு சிறு இழுபறி. லீக் என்ற சொல் மெக்கிரெகருக்குப் பிடிக்கவில்லை. நிலப் பிரபுக்களை எதிர்த்து அயர்லாந்தில் நடந்த நில லீக் போராட்டம் அப்போது எல்லாருடைய வாயிலும் இருந்தது. அரசியல் வாடை அடிக்குமே என்று அவர் தயங்கினார். காற்பந்து யூனியன் என்ற வகையில் பெயர் வைக்கலாம் என்பது அவர் எண்ணம். பிரெஸ்டன் குழுவை நடத்திய வில்லியம் சடல் காற்பந்து லீக் என்ற பெயரை முன்மொழிந்தார். சடல் சொன்ன பெயரே நின்றது. தாம் தொடங்கிய அமைப்புக்குத் தாம் விரும்பாத பெயர் அமைந்ததை மெக்கிரெகர் மனக்கசப்பில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

பன்னிரண்டு குழுக்கள், இருபத்திரண்டு தேதிகள்

லங்காஷயர் வட்டாரத்திலிருந்து ஆறு குழுக்கள்: அக்ரிங்டன், பிளாக்பர்ன் ரோவர்ஸ், போல்டன் வாண்டரர்ஸ், பர்ன்லி, எவர்டன், பிரெஸ்டன் நார்த் எண்ட். நடுப்பகுதியிலிருந்து ஆறு: ஆஸ்டன் வில்லா, டெர்பி கவுண்டி, நாட்ஸ் கவுண்டி, ஸ்டோக், வெஸ்ட் புரோம்விச் அல்பியன், வுல்வர்ஹாம்டன் வாண்டரர்ஸ். அடிப்படையில் இரண்டு வட்டாரங்களின் லீக்தான் அது.

சேர விரும்பிய எல்லாரையும் சேர்க்க முடியவில்லை. பன்னிரண்டு குழுக்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 11 எதிராளிகள், 22 ஆட்டங்கள். கிண்ணப் போட்டிகளுக்கு ஒதுக்கியது போக மிஞ்சிய தேதிகள் அவ்வளவே. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், ஷெஃபீல்டு வெட்னஸ்டே, ஹாலிவெல் ஆகியவை இடம் கேட்டும் வெளியே நிற்க நேர்ந்தது.

விதிகளும் கறாராக இருந்தன. லீக் ஆட்டத்துக்கு முழு பலத்தோடு வர வேண்டும். ஒத்துக்கொண்ட தேதியை மாற்றக்கூடாது. வசூல் திடலுக்குச் சொந்தமான குழுவுக்கு. வந்த குழுவுக்கு உறுதியான ஒரு தொகை. பருவ முடிவில் கடைசி நான்கு இடங்களில் உள்ள குழுக்கள், தங்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி மற்றவர்களிடம் வாக்குக் கேட்டு நிற்க வேண்டும்.

1888ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், சனிக்கிழமை, முதல் ஐந்து ஆட்டங்கள் நடந்தன. மெக்கிரெகரின் வில்லா வுல்வர்ஹாம்டனில் 1-1 என்று சமநிலை கண்டது. அந்த ஆட்டத்தில் வில்லாவின் கெர்ஷம் காக்ஸ் தம் சொந்த வலைக்குள்ளேயே பந்தைத் தள்ளிவிட்டார். உலகின் முதல் லீக் கோல் அதுதான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். பிற்கால ஆய்வு, போல்டனின் கென்னி டேவன்போர்ட் அதற்கு முன்பே கோல் போட்டுவிட்டார் என்று கண்டறிந்தது.

இன்று வேடிக்கையாகத் தோன்றும் ஒரு செய்தி உண்டு. லீக் தொடங்கியபோது புள்ளி வழங்கும் முறையே முடிவாகவில்லை. பருவம் பாதி ஓடிக்கொண்டிருந்த நவம்பர் மாதத்தில்தான் வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி என்று தீர்மானித்தார்கள்.

முதல் பருவம் பிரெஸ்டனுக்குச் சொந்தமானது. 22 ஆட்டங்களில் 18 வெற்றி, 4 சமநிலை, ஒரு தோல்வி கூட இல்லை. 40 புள்ளிகள். அதே பருவத்தில் எஃப்ஏ கிண்ணத்தையும் ஒரு கோல் கூட விடாமல் வென்றார்கள். 29 புள்ளிகளோடு ஆஸ்டன் வில்லா இரண்டாவது. மெக்கிரெகருக்கு அதைவிட முக்கியமானது வேறு: லீக் ஆட்டம் என்று நாள் குறித்தால் அன்று ஆட்டம் உண்டு என்ற நம்பிக்கை மக்களுக்கு வந்துவிட்டது.

வெளியே நின்றவர்களுக்கும் ஒரு படி

பன்னிரண்டு பேருக்குக் கதவைத் திறந்த லீக், மற்றவர்களுக்கு அதை மூடியும் வைத்தது. பணக்காரர்களின் சங்கம் என்ற குறை எழுந்தது. வெளியே நின்ற குழுக்கள் 1889ஆம் ஆண்டு காற்பந்து அலையன்ஸ் என்ற பெயரில் இன்னொரு போட்டியைத் தொடங்கின. ஷெஃபீல்டு வெட்னஸ்டே, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் ஆகப்போகும் நியூட்டன் ஹீத், பின்னாளில் பர்மிங்ஹாம் சிட்டி ஆகப்போகும் ஸ்மால் ஹீத் ஆகியவை அதில் இருந்தன.

1890ஆம் ஆண்டு ஸ்டோக் வாக்கெடுப்பில் தோற்று வெளியேறியது. அதன் இடத்தில் சண்டர்லாந்து வந்தது. ஆடித் தோற்றால் சரி, கைதூக்கி வாக்களித்து ஒரு குழுவை வெளியே அனுப்புவது முறையா என்ற கேள்வி அப்போதே இருந்தது.

1892ஆம் ஆண்டு லீக் தன் கதவை அகலத் திறந்தது. அலையன்ஸ் குழுக்களைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு இரண்டு பிரிவுகளானது. முதல் பிரிவில் 16 குழுக்கள், இரண்டாம் பிரிவில் 12. இன்று உலகமெங்கும் உள்ள மேலேறுதல், கீழிறங்குதல் முறை இந்த இரண்டு படிகளிலிருந்து வளர்ந்ததே. அதே ஆண்டு மெக்கிரெகர் நடைமுறைத் தலைமையிலிருந்து விலகிக் கௌரவத் தலைவரானார். 1894 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1895இல் லீக் அவரை ஆயுள்கால உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது.

தொடக்கத்தில் மேலேறுவதும் கீழிறங்குவதும் தானாக நடக்கவில்லை. மேல் பிரிவின் கடைசிக் குழுக்களும் கீழ்ப் பிரிவின் முன்னணிக் குழுக்களும் தேர்வு ஆட்டங்களில் மோதின. முதல் தேர்விலேயே ஒரு சோகம். லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டு குழுக்களில் ஒன்றான அக்ரிங்டன், 1893ஆம் ஆண்டு ஷெஃபீல்டு யுனைடெட்டிடம் தோற்றது. இரண்டாம் பிரிவில் ஆட மனமில்லாமல் லீக்கை விட்டே விலகியது. மூன்று ஆண்டுகளில் அந்தக் குழுவே இல்லாமல் போனது. ஒருபடி இறங்கி மீண்டும் ஏறலாம் என்று பொறுத்திருந்தால் அதன் கதை வேறாக இருந்திருக்கும்.

கோல் அடிக்க யாரும் விரும்பாத ஆட்டம்

தேர்வு ஆட்ட முறைக்கு முடிவு கட்டியது 1898ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடந்த ஒரு கூத்து. அந்த ஆண்டு நான்கு குழுக்கள் சிறு சுற்றாக மோதின. கடைசி ஆட்டத்தில் ஸ்டோக்கும் பர்ன்லியும் சந்தித்தன. சமநிலை கண்டால் இரண்டு குழுக்களுக்குமே முதல் பிரிவில் இடம் உறுதி என்ற நிலை.

அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. இரு குழுக்களும் பந்தைத் தட்டிக்கொண்டே பொழுதைப் போக்கின. கோலை நோக்கிப் பந்து போனதே அபூர்வம். காசு கொடுத்து வந்தவர்களுக்குக் கோபம் பொங்கியது. கூட்டத்துக்குள் வந்த பந்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டார்கள். ஆட்டம் 0-0 என்று முடிந்தது.

லீக் நிர்வாகம் விழித்துக்கொண்டது. முதல் பிரிவை 18 குழுக்களாக விரித்து, அந்த ஏற்பாட்டால் பாதிக்கப்பட்ட நியூகாசலுக்கும் பிளாக்பர்னுக்கும் இடம் கொடுத்தது. அடுத்த பருவத்திலிருந்து தேர்வு ஆட்டங்கள் இல்லை. மேலே கடைசி இரண்டு இடங்களில் வருபவர்கள் இறங்க வேண்டும், கீழே முதல் இரண்டு இடங்களில் வருபவர்கள் ஏற வேண்டும். பேச்சில்லை, வாக்கில்லை, சமரசமில்லை. பருவம் முழுதும் ஆடிய ஆட்டமே தீர்ப்பு.

வெளிச்சத்தோடு வந்த நிழல்

லீக் கொண்டுவந்த எல்லாமே நன்மை என்று சொல்லிவிட முடியாது. 1893 முதல், ஒரு குழுவில் பதிவான ஆட்டக்காரர் அந்தக் குழு விடுவிக்காமல் வேறு லீக் குழுவுக்குப் போக முடியாத நிலை வந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் கட்டு அவிழாது. 1901ஆம் ஆண்டு முதல் வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் சம்பளம் இல்லை என்ற உச்சவரம்பும் சேர்ந்துகொண்டது. ஆயிரக்கணக்கானோரைத் திடலுக்கு இழுத்தவருக்கு அதற்கு மேல் கேட்க உரிமை இல்லை. 1907ஆம் ஆண்டு ஆட்டக்காரர்கள் தொழிற்சங்கம் அமைத்தார்கள். ஆனாலும் சம்பள உச்சவரம்பு நீங்க 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் கங்காணிக் காலத்துக் கட்டுகளைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு இதன் கசப்பு விளங்கும்.

லீக்குக்குப் பெயர் சூட்டிய சடலின் வாழ்க்கையும் ஒரு பாடம். பிரெஸ்டனின் வெல்ல முடியாத குழுவை உருவாக்கிய அவர், தாம் வேலை பார்த்த ஆலையின் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காக 1895ஆம் ஆண்டு மூன்றாண்டு சிறைத் தண்டனை பெற்றார். வரவுக்கு மீறிச் செலவழித்துப் புகழ் சேர்ப்பதன் விலை அது. வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகவே மெக்கிரெகர் லீக்கை நினைத்தார் என்பதை எண்ணும்போது இந்த முடிவு இன்னும் உறுத்துகிறது.

வில்லாவின் பொற்காலமும் மறைவும்

மெக்கிரெகரின் சொந்தக் குழு லீக்கால் தழைத்தது. 1894, 1896, 1897, 1899, 1900 ஆகிய ஆண்டுகளில் ஆஸ்டன் வில்லா லீக் வெற்றியாளர். 1897ஆம் ஆண்டு லீக்கையும் எஃப்ஏ கிண்ணத்தையும் சேர்த்தே வென்றது. இப்போது வில்லா பார்க் என்று அழைக்கப்படும் திடலுக்கு அது குடிபெயர்ந்ததும் அதே ஆண்டுதான். 1910ஆம் ஆண்டு வில்லா ஆறாவது முறையாக லீக்கை வென்றதையும் அந்த முதியவர் கண்ணால் பார்த்தார்.

1911ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் பர்மிங்ஹாமில் அவர் காலமானார். வயது 65. ஹேண்ட்ஸ்வொர்த் செயின்ட் மேரிஸ் தேவாலய வளாகத்தில் நல்லடக்கம் நடந்தது. அப்போது லீக்கில் 40 குழுக்கள் இருந்தன. சம்பளமாட்டை இழிவென்று ஒதுங்கியிருந்த தெற்கிலிருந்து ஆர்சனல் 1893இலும், செல்சி 1905இலும் உள்ளே வந்துவிட்டிருந்தன. 2009ஆம் ஆண்டு வில்லா பார்க்கின் வாசலில் மெக்கிரெகருக்குச் சிலை எழுந்தது.

இரண்டு படியிலிருந்து நெடிய ஏணி

மெக்கிரெகர் மறைந்த பிறகும் அவர் போட்ட அடித்தளத்தில் படிகள் கூடிக்கொண்டே போயின. 1920ஆம் ஆண்டு தென்பகுதிக் குழுக்களைச் சேர்த்து மூன்றாம் பிரிவு வந்தது. அடுத்த ஆண்டு வடபகுதிக்கும் தனியாக ஒரு மூன்றாம் பிரிவு. பயணச் செலவு தாங்காத குழுக்களுக்கு இந்த வட்டாரப் பிரிவினை உதவியது. 1958ஆம் ஆண்டு இவற்றை மாற்றி நாடு தழுவிய மூன்றாம், நான்காம் பிரிவுகளை அமைத்தார்கள். 1981ஆம் ஆண்டு வெற்றிக்கு 3 புள்ளி என்றானது. 1987ஆம் ஆண்டு முதல் நான்காம் பிரிவின் கடைசிக் குழு தானாகவே லீக்கை விட்டு இறங்கும் முறை வந்தது. ஒரு காலத்தில் ஸ்டோக்கை வெளியே அனுப்பிய வாக்கெடுப்பு முறை அத்தோடு மறைந்தது. 1992ஆம் ஆண்டு முதல் பிரிவுக் குழுக்கள் தனியே பிரிந்து பிரிமியர் லீக் அமைத்தன.

இன்று மேலே பிரிமியர் லீக்கில் 20 குழுக்கள். அதன் கீழ் சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஆகியவற்றில் தலா 24. ஆக 92. ஏணி அங்கே நின்றுவிடவில்லை. ஐந்தாம் படியில் நேஷனல் லீக். ஆறாம் படியில் அது வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிகிறது. அதற்குக் கீழே வட்டார லீக்குகள், இன்னும் கீழே மாவட்ட அளவிலான லீக்குகள். கீழே போகப் போகப் பரப்பு சுருங்கும், பயணம் குறையும், குழுக்களின் எண்ணிக்கை பெருகும். பகலில் வேலைக்குப் போய் மாலையில் பயிற்சி செய்யும் ஆட்டக்காரர்கள் ஆடும் படிகள் இவை. ஆனாலும் எல்லாம் ஒரே ஏணியின் படிகள்.

இந்த ஏணியில் ஏறியவர்கள் உண்டு. விம்பிள்டன் 1977ஆம் ஆண்டுதான் லீக்கில் நுழைந்தது. 1986இல் முதல் பிரிவை எட்டி, 1988இல் லிவர்பூலைத் தோற்கடித்து எஃப்ஏ கிண்ணத்தையே வென்றது. ஏறி இறங்கியவர்களும் உண்டு. லூட்டன் டவுன் 2009ஆம் ஆண்டு ஐந்தாம் படிக்கு விழுந்தது. 2014இல் மீண்டு வந்து, 2023இல் பிரிமியர் லீக்கைத் தொட்டது. அடுத்த ஆண்டே இறங்கியது. அதற்கடுத்த ஆண்டு மேலும் ஒருபடி இறங்கியது. அக்ரிங்டன் செய்ததுபோல் அது ஓடிப்போகவில்லை. அடுத்த பருவம் என்று ஒன்று இருக்கிறதே.

நம் மண்ணிலும் காற்பந்து முதலில் கிண்ணத்தின் பெயரால்தான் வேர்விட்டது. 1921ஆம் ஆண்டு மலாயா கிண்ணம் தொடங்கியது. மலேசியாவில் லீக் வெற்றியாளர் பட்டம் 1982ஆம் ஆண்டு வந்தது, சூப்பர் லீக் 2004ஆம் ஆண்டு வந்தது. சிங்கப்பூரின் எஸ் லீக் 1996ஆம் ஆண்டு தொடங்கியது. சொந்தத் திடலில் ஓர் ஆட்டம், எதிராளி திடலில் ஓர் ஆட்டம், கடைசியில் புள்ளிகளைக் கூட்டிப் பார் என்ற அடிப்படை எல்லாவற்றுக்கும் பொது.

கோடிக்கணக்கில் பணம் புரளும் இன்றைய லீக்கை மெக்கிரெகர் பார்த்தால் அடையாளம் தெரியாமல் திகைக்கக்கூடும். ஆனால் அட்டவணையைக் கையில் கொடுத்தால் உடனே புரிந்துகொள்வார். உழைத்துக் களைத்தவன் தன் அரை நாளை நம்பி ஒரு திடலுக்கு வருகிறான்; அவனை ஏமாற்றக்கூடாது. அந்தத் துணிக்கடைக்காரர் கேட்டது அவ்வளவுதான். ஊர் அளவில் ஒரு சிறு லீக் நடத்த நினைக்கும் இளைஞர் சங்கங்களும் அதிலிருந்தே தொடங்கலாம். பெரிய கிண்ணமோ, பெரிய பரிசோ பிறகு வரட்டும். குறித்த நாளில், குறித்த நேரத்தில், முழுக் குழுவோடு வந்து நிற்பது முதலில் வரட்டும்.